ஏலத்துக்கு வந்த பொருத்தனை

எங்கள் ஊர் வேதக்கோயிலில் அறுப்பின் பண்டிகை ஏலம் விடுகிறவர் டிக்சன் அண்ணாச்சி. உடன்குடியில் கருப்பட்டி மொத்த வியாபாரம். மைக் இல்லாமலே அவர் குரல் ஊருக்கு வெளியே செம்மணல் தேரிக்காடு வரைக்கும் கேட்கும். வருடா வருடம் ஆராதனை முடிந்ததும் கோயில் முன்னால் வேப்பமரத்தடியில் மேசை போடுவார்கள். சனங்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த வாழைத்தார், தேங்காய், முட்டை, கருப்பட்டி, கோழி, ஆடு எல்லாம் வரிசைக்கு வரும். அண்ணாச்சி முதலில் சட்டத்தைச் சொல்லிவிட்டுத்தான் ஏலத்தை ஆரம்பிப்பார்.

“பொருளை மேசையில வச்சாச்சுன்னா கொடுத்தவருக்குப் பாத்தியதை கிடையாது. நான் மூணு தரம் சொல்லியாச்சுன்னா சபைக்கும் பாத்தியதை கிடையாது. எடுத்தவங்க எடுத்ததுதான். பொறவு வந்து எங்கிட்ட மல்லுக்கு நிக்கக் கூடாது.”

அந்தச் சட்டம் வரக் காரணம் ஒரு வெள்ளாடு. ஏலம் எடுத்த பிறகு அது சினை என்று தெரிந்து, கொடுத்தவர் திருப்பிக் கேட்க, எடுத்தவர் மறுக்க, வழக்கு போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போனது. கர்த்தருக்குக் கொடுத்த ஆட்டுக்காக இரண்டு வீட்டு ஆம்பிளைகள் சட்டையைக் கிழித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு யாரும் அந்தச் சட்டத்தை மீறியதில்லை.

என் அப்பா வேதமணி மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பத்து நாலு வருடம் வாத்தியார். ஊரில் ‘சார்வாள்’ என்றால் அவர்தான். வருடம் தவறாமல் ஒரு சேவல் கொடுப்பார். கொடுத்த சேவலை அவரே ஏலத்தில் கேட்டு எடுப்பார். எங்கள் பக்கத்தில் இது வழக்கம். தன் பொருளைத் தானே கூட்டிக் கேட்டு எடுத்தால் கோயிலுக்குக் காணிக்கையும் சேரும், பொருளும் வீட்டுக்கு வந்துவிடும். நானூறு ரூபாய் சேவலை எண்ணூறுக்குக் கேட்பார். “சார்வாள் விடமாட்டாவளே!” என்று டிக்சன் அண்ணாச்சி கத்த, சபையார் சிரிக்க, அப்பா மாப்பிள்ளை மாதிரி சேவலைத் தூக்கிக்கொண்டு நடப்பார். அந்தச் சேவலைக் குஞ்சிலிருந்து வளர்த்த என் அம்மா ஜெபசுதா பெண்கள் பக்கத்தில் முக்காட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்பா கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்காத உருப்படி ஒன்றே ஒன்றுதான். அது நான்.

எனக்கு முன்னால் அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து செத்தன. மூன்றாவதாக நான் வந்தபோதும் சிக்கல். அம்மா ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். அப்பா நேராகக் கோயிலுக்குப் போய் முழங்காலில் நின்று, இந்தப் பிள்ளை பிழைத்தால் உமக்கே கொடுத்துவிடுகிறேன் என்று பொருத்தனை பண்ணினார். பண்ணினதோடு விட்டாரா? அதை எழுதிக் கொடுத்து அடுத்த ஞாயிறு ஆராதனையில் வாசிக்க வைத்தார். ஊரே ஆமென் சொன்னது. ஜெபிஷா என்று எனக்குப் பெயர் வைப்பதற்கு முன்னாலேயே, ‘ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்த பிள்ளை’ என்று பெயர் வந்துவிட்டது. பாவாடையை மடித்துக் கட்டி மரம் ஏறினால், “ஒப்புக்கொடுத்த பிள்ளை செய்யுத காரியமா இது?” என்பார்கள். காதில் பெரிய கம்மல் போட்டால் அதற்கும் அதே கேள்வி. பிறந்த நாளிலிருந்து அடுத்தவர் வீட்டுப் பாத்திரத்தைப் போல என்னைப் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

இப்போது எனக்கு இருபத்தேழு வயது. தூத்துக்குடி துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சியில் சரக்குக் காகிதம் தயாரிக்கிற வேலை. ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு பில் போடுவேன். அதில் மேலே மூன்று கட்டம். அனுப்புகிறவர் பெயர், பெறுகிறவர் பெயர், சரக்கு வந்து சேர்ந்ததும் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்கிற பெயர். சரக்கு கருவாடானாலும் உப்பானாலும் அதனிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எனக்கு என் கதை விளங்கிவிட்டது. அனுப்புகிறவர் வேதமணி, பெறுகிறவர் கர்த்தர், நான் சரக்கு.

கடவுள் நம்பிக்கை எனக்குக் காலேஜிலேயே போய்விட்டது. கெட்ட சகவாசம் என்று அத்தை சொல்லுவாள். உண்மையான காரணம், அப்பா என்னை வேதத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் வாசிக்க வைத்ததுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிக்காமல் தாண்டிப்போகிற பக்கங்கள் நிறைய உண்டு. நான் தாண்டவில்லை.

ஜூன் மாதம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். பார்க்க வந்த ஒவ்வொருவரும் ஆரஞ்சுப் பழத்தோடு ஒரே வாக்கியத்தைக் கொண்டுவந்தார்கள்: “பொருத்தனை பாக்கி இருக்குல்லா சார்வாள்.” அப்பாவும் அதையே பிடித்துக்கொண்டார். அடுத்த மாதமே மாப்பிள்ளை பார்த்தாயிற்று. நேசக்குமார். சாத்தான்குளத்துப் பையன், வடக்கே ஜார்க்கண்டில் மிஷனெரி. அவரைக் கட்டிக்கொண்டு வடக்கே போனால் நானும் ஊழியத்தில் சேர்ந்தவள், பொருத்தனை தீர்ந்துவிடும். அறுப்பின் பண்டிகையன்று ஏலம் முடிந்ததும் எங்கள் இருவரையும் சபைக்கு முன்னால் நிறுத்தி ஒப்புக்கொடுக்கிற ஜெபம், நவம்பரில் கல்யாணம், டிசம்பரில் ரயில் என்று முடிவு செய்தார்கள்.

முடியாது என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே என்பீர்கள். சொன்னேன். அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். நடிப்பா, நிஜமா என்று டாக்டருக்கே தெரியாதபோது எனக்கு எப்படித் தெரியும்? அந்த மனுஷர் செத்துப்போனால் ஊர் ஒரே குரலில் சொல்லும், மகள்தான் கொன்றாள் என்று. அதைச் சுமந்துகொண்டு என்னால் வாழ முடியாது. அது அப்பாவுக்கும் தெரியும்.

ஒரு நாள் அப்பாவே சொன்னார். “உன் ஆபீஸ்ல ஒருத்தன் நாஸ்திகம் பேசுதானாமே, உன் மனசைக் கெடுத்தவன். அவனைக் கூட்டிட்டு வா. என்ன கேள்வி இருக்குன்னு எங்கிட்ட கேக்கட்டும்.”

அவர் சொன்னது ஜெரால்டை. புன்னைக்காயல்காரன், என் பக்கத்து மேசை. அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள், இவன் ஒருவன்தான் கரை ஏறினவன். கத்தோலிக்கனாகப் பிறந்து இப்போது எதுவுமில்லை. “உன்னையாவது ஒருத்தர்தான் கொடுத்தாரு ஜெபி. எங்க சாதியை நானூத்திச் சொச்சம் வருசத்துக்கு முன்னால ஊரோட ஞானஸ்நானத் தண்ணி தெளிச்சுக் கொடுத்துட்டாங்க” என்று சிரிப்பான். வாதம் என்றால் அவனுக்கு மீன் குழம்பு மாதிரி. கூப்பிட்டதும் வந்துவிட்டான்.

பண்டிகைக்கு முந்திய ஞாயிறு மத்தியானம். முன் அறையில் அப்பா, மடியில் சிவப்பு மை அடிக்கோடு போட்ட வேதம். பக்கத்தில் நேசக்குமார். எதிரே ஜெரால்டு. அம்மா முதலூர் மஸ்கோத் அல்வாவை வெட்டித் தட்டில் வைத்துவிட்டு டீ கொண்டுவந்தாள்.

“சார், ஆபிரகாம் மகனைக் கட்டிப்போட்டுக் கத்தியைத் தூக்கினப்ப தூதனை அனுப்பித் தடுத்தாரு, சரியா?” என்று ஆரம்பித்தான் ஜெரால்டு.

“ஆமா. விசுவாசத்தைச் சோதிச்சாரு. நரபலி வேண்டாம்னு காட்டுனாரு” என்றார் அப்பா.

“சரி. யெப்தான்னு ஒருத்தன் சண்டைக்குப் போனான். ஜெயிச்சுத் திரும்பி வரும்போது வீட்டு வாசல்ல எது எதிர்ல வருதோ அதைப் பலி கொடுக்கேன்னு பொருத்தனை பண்ணினான். மக வந்தா. அப்பா ஜெயிச்சுட்டாருன்னு கொட்டடிச்சு ஆடிட்டு வந்தா. அங்க ஏன் தூதன் வரல?”

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கர்த்தர் கேட்டாரா? அவனா வாயைக் கொடுத்தான். தப்பு அவன் மேல.”

“வாங்கிக்கிட்டாருல்லா சார்? வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லலையே. ஆம்பளைப் பிள்ளைக்குப் பதிலா ஒரு கடாவை அனுப்பத் தெரிஞ்சவருக்கு, பொம்பளைப் பிள்ளைக்கு ஒரு குட்டி கூடக் கிடைக்கலையாக்கும்?”

நேசக்குமார் தொண்டையைச் செருமினார். “பிரதர், அவளை நெசமாப் பலி கொடுக்கலன்னு ஒரு வியாக்கியானம் இருக்கு. ஆயுசு முழுக்கக் கன்னியா ஊழியத்துக்கு விட்டுட்டான்னு...”

“அதைத்தான எனக்கும் பண்ணுதீங்க, கல்யாணத்தைச் சேத்து” என்றேன். “நீங்க எங்கிட்ட ஒரு தடவையாவது இஷ்டமான்னு கேட்டீங்களா?”

“நான் ஜெபிச்சேன் சிஸ்டர். மனசுக்குச் சமாதானம் கிடைச்சது.”

“எனக்குக் கிடைக்கலையே.”

“நீங்க ஜெபிக்கல.”

அல்வாத் தட்டைத் தூக்கி அவர் தலையில் கவிழ்க்கத் தோன்றியது.

அப்பா குரலை உயர்த்தினார். “குயவன் கையில களிமண்ணு நாம. என்னை ஏன் இப்படி வனைஞ்சன்னு பானை கேக்க முடியுமா?”

“பானைக்கு வலிக்காது சார். வலிக்கிறாப்ல பானை செஞ்சா குயவனைத்தான் உதைக்கணும்.”

“நாக்கை அடக்கிப் பேசு!” அப்பா வேதத்தை மூடித் தட்டினார். “நீதி எது, அநீதி எதுன்னு சொல்ல நீ யாருடே? அவர் இல்லைன்னா நீதிங்கற சொல்லே உனக்குக் கிடையாது. அவர் கொடுத்த அளவுகோலை வச்சு அவரையே அளக்கியா?”

“அப்ப அவர் செஞ்சா எதுவும் நீதி. பிள்ளையைக் கொல்லுன்னு சொன்னாலும் நீதி.”

“சொல்லமாட்டாரு.”

“ஆபிரகாம்ட்ட சொன்னாரே சார்! பொறவுதான வேண்டாம்னாரு. யோபு கதை என்ன? சாத்தான் கூடப் பந்தயம் கட்டி, ஒரு நல்ல மனுசன் பெத்த பத்துப் பிள்ளையையும் வீடு இடிஞ்சு சாவ விட்டாரு.”

“கடைசியில எல்லாம் திருப்பிக் கொடுத்தாரே. பத்துப் பிள்ளையும் கொடுத்தாரே.”

“அதே பத்தா? ஒண்ணு போச்சுன்னா இன்னொண்ணு வாங்க அது என்ன வலையா?”

அப்பா அப்போதுதான் அதைச் சொன்னார். “எங்க வீட்டையே பாரு. ரெண்டை எடுத்தாரு, இவளைக் கொடுத்தாரு. எடுத்த ரெண்டையும் நாங்க மறந்தே போனோம். அதுக்குப் பேருதான் கிருபை.”

டீத் தம்ளர்களை எடுக்க வந்திருந்த அம்மா தட்டை அப்படியே ஸ்டூலில் வைத்துவிட்டுப் பின்பக்கம் கோழிக்கூட்டுக்குப் போனாள். கோழிக்கு அரிசி போடப் போகிறாள் என்று நினைத்தேன். ஜெரால்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டான். ஐந்து மணி வரைக்கும் வாதம் நடந்தது.

அவனை வழியனுப்பத் தெருமுனை வரைக்கும் போனேன். பைக்கை உதைத்துக்கொண்டே, “உங்கப்பா யோபுகிட்ட நல்லா மாட்டினாரு, பாத்தியா?” என்றான். முகம் பூரித்துப்போயிருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “ஏலே, நீ ஜெயிச்சதுல எனக்கு என்ன கெடைச்சது? அடுத்த ஞாயித்துக்கிழமை மேடையில நிக்கப்போறது நீயா நானா? அவருக்கு நான் ஒரு பொருத்தனை. உனக்கு நான் ஒரு தலைப்பு. ரெண்டு பேரும் அல்வாவைத் தின்னுக்கிட்டு என்னைக் கூறு போட்டீங்க.”

“சட்டப்படி உன்னை யாரும் கட்டாயப்படுத்த முடியாதுளா...”

“அவர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தா சட்டம் வந்து தூக்குமா?”

ஜெரால்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் புன்னைக்காயலுக்குப் போய்ச் சேர்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பான்.

அந்த வாரம் முழுக்க நான் வேதத்தைப் புரட்டினேன். நம்பாதவள் நம்புகிறவர்களைவிட அதிகமாக வாசித்த வாரம் அது. ஒரு இடத்தில் கிடைத்தது. ஆளைப் பொருத்தனை பண்ணினால் விலை கொடுத்து மீட்டுக்கொள்ளலாம் என்று பழைய சட்டத்திலேயே இருக்கிறது. விலைப் பட்டியலும் இருக்கிறது. வயது வந்த ஆணுக்கு ஐம்பது வெள்ளி, பெண்ணுக்கு முப்பது. நான் முப்பது வெள்ளி என்று பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

“இங்க பாருங்கப்பா. பொருத்தனை பண்ணின ஆளை மீட்கலாமாம். உங்க வேதந்தான் சொல்லுது. எத்தனை ரூபா வேணும்னாலும் நானே கட்டுதேன். விட்டுருங்க.”

அவர் பார்க்கக்கூட இல்லை. “அது பழைய பிரமாணம். நாம கிருபையின் காலத்துல இருக்கோம்.”

“பொருத்தனை மட்டும் எந்தக் காலம்? அதுவும் அதே பழசுலதான இருக்கு?”

“உன் கூட வாதம் பண்ணி என் நெஞ்சு வலிக்குது” என்றார். அதோடு முடிந்தது. அடுக்களை வாசலில் அம்மா மறுநாள் சேவலின் காலில் கட்டச் சிவப்பு ரிப்பனை வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் மேலும் எனக்குக் கோபம்தான். ஊமையாக இருந்தே என்னை அனுப்பப் போகிறாள் என்று நினைத்தேன்.

பண்டிகை வந்தது. வேப்பமரத்தடியில் ஏலம் ஆரம்பித்தது. டிக்சன் அண்ணாச்சி சட்டத்தைச் சொல்லி முடித்தார். வாழைத்தார் போனது, முட்டை போனது, ஒரு சிப்பம் கருப்பட்டியை அண்ணாச்சியே எடுத்துக்கொண்டார். உள்ளூர் இந்துக்களும் ஏலத்துக்கு வருவார்கள். பஸ் ஸ்டாப்பில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற செல்லத்தாய் இரண்டு கோழி எடுத்தாள். போதகரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்றுதான் சொல்லுவோம். ஐயர் நாற்காலியில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் அம்மா எடுத்துத் தந்த வெள்ளைப் பட்டுச் சேலையில், நேசக்குமார் வெள்ளைச் சட்டையில், அப்பா எங்கள் இருவருக்கும் நடுவில்.

“அடுத்தது நம்ம வேதமணி சார்வாள் சேவல்!” என்றார் அண்ணாச்சி.

அப்பா வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு கையைத் தூக்கத் தயாரானார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு என்னமோ ஆயிற்று. விறுவிறுவென்று நடந்துபோய், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, மேசை மேல் ஏறி நின்றேன்.

“அண்ணாச்சி, சேவலுக்கு முன்னால இதை ஏலம் விடுங்க.”

“எதைம்மா?”

“என்னை. நானும் சார்வாள் கொடுத்த பொருள்தான். சேவலுக்குக் காலில ரிப்பன், எனக்குப் பட்டுச்சேலை. சேவலை வருசா வருசம் அவரே கேட்டு எடுக்காரு. என்னை இருபத்தேழு வருசமா யாரும் ஏலம் விடல. இப்ப விடுங்க, அவர் கேக்காரான்னு பாப்போம்.”

சிலர் சிரித்தார்கள். விளையாட்டு என்று நினைத்துவிட்டார்கள். ஐயர் இளநீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். “டிக்சன், பிள்ளையை எறங்கச் சொல்லுங்க. சபைக்கு முன்னால இது என்ன கூத்து?”

“பொருத்தனைன்னு இதே சபைக்கு முன்னாலதான ஐயரே வாசிச்சாங்க? அன்னைக்கு ஆமென் சொன்னவங்க எல்லாரும் இங்கதான நிக்காங்க? விலை கொடுத்து மீட்கலாம்னு உங்க வேதத்துல இருக்கு. எங்கப்பா கேக்கட்டும். எத்தனை கேட்டாலும் என் சம்பளத்துல நானே கட்டிருதேன்.” என் குரல் எனக்கே கர்ணகடூரமாகக் கேட்டது. “அப்பா, கேளுங்க. சேவலுக்கு எண்ணூறு கேப்பீங்கல்லா? எனக்கு ஒரு ரூவா கேளுங்க, போதும்.”

அப்பா முகம் கறுத்துப்போய் நின்றார். கை தூக்கவில்லை.

என் கணக்கு முழுக்க அங்கேதான் தப்பியது. அப்பா கேட்பார், அல்லது யாருமே கேட்கமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். மூன்றாவது ஒருவர் கேட்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நேசக்குமார் முன்னால் வந்தார். என்னைக் காப்பாற்றுகிற தோரணையில் சிரித்துக்கொண்டே, “ஐயாயிரம்” என்றார்.

சபை கைதட்டியது. “மாப்பிள்ளை கேட்டுட்டாரு!” என்று ஒரு கிழவர் கூவினார். அப்பா முகம் தெளிந்தது. கண்ணை மூடி, “ஸ்தோத்திரம்” என்றார். கர்த்தரே அடையாளம் காட்டிவிட்டார் என்று அவருக்கு. டிக்சன் அண்ணாச்சியும் பாவம், இதைக் கலகலப்பாக முடித்துவிடலாம் என்று நினைத்தார்.

“ஐயாயிரம் ஒரு தரம்!”

இத்தனை நாள் வீட்டுக்குள் இருந்ததை நானே தெருவுக்குக் கொண்டுவந்து, நானே மேசையில் ஏறி, நானே விலை போகிறேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். யெப்தாவும் நானும் ஒன்றுதான்.

“ஐயாயிரம் ரெண்டு தரம்!”

“பத்தாயிரம்.”

பெண்கள் பக்கத்திலிருந்து வந்தது குரல். எல்லாரும் திரும்பினார்கள். அம்மா முக்காட்டை எடுத்துவிட்டு முன்னால் நடந்து வந்தாள்.

“ஜெபசுதா!” என்றார் அப்பா. “என்ன பண்ணுத? உனக்கு ஏது பத்தாயிரம்?”

“இருபத்தேழு வருசமா கோழி வளக்கேன். முட்டை விக்கேன். எனக்கு இருக்காதா?”

அப்பா நேசக்குமாரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவர் வாயைத் திறந்தார். அம்மா அவர் பக்கம் திரும்பினாள். “தம்பி, நீங்க எவ்வளவு கேட்டாலும் அதுக்கு மேல ஒரு ரூவா கேப்பேன். வீட்டை வித்தாவது கேப்பேன். கேளுங்க பாப்போம்.” நேசக்குமார் வாயை மூடிக்கொண்டார்.

“ஏளா, கர்த்தருக்குக் கொடுத்ததைப் புடுங்காத. நம்ம மேல சாபம் வந்துரும்” என்றார் அப்பா. குரல் கெஞ்சியது.

“யாரு கொடுத்தா?” அம்மா அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. “ரெண்டு பிள்ளையைக் குழிக்குள்ள வச்சேன். மூணாவதைப் பெத்துப் போட்டுட்டு நினைவில்லாம கெடந்தேன். நான் கண்ணு முழிக்கதுக்குள்ள கொடுத்துட்டு வந்துட்டீங்க. முழிச்சதும் பால் கொடுன்னீங்க. யார் பிள்ளைக்குப் பால் கொடுத்தேன் நான்? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? மறந்தே போனோம்னு அன்னைக்கு அந்தப் பையன்ட்ட சொன்னீங்க. நீங்க மறந்தீங்க. ரெண்டு பேரோட பிறந்த நாளும் எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா? சொல்லுங்க, இந்தச் சபைக்கு முன்னால சொல்லுங்க.”

அப்பாவுக்குத் தெரியவில்லை.

ஐயர் மெதுவாக, “அம்மா, வேதத்துல...” என்று தொடங்கினார்.

“நானும் வாசிச்சிருக்கேன் ஐயரே. அந்த யெப்தா வீட்ல ஒரு பொண்டாட்டி இருந்திருப்பாள்லா? அவன் மட்டுமா பெத்தான்? அவ அழுதாளா, தடுத்தாளா, அவ பேரு என்னன்னு எத்தனை தடவை தேடியிருக்கேன் தெரியுமா? ஒரு வரி இல்ல. ஆபிரகாம் பிள்ளையைக் கூட்டிட்டு மலைக்குப் போனப்ப சாராள்ட்ட சொல்லிட்டாப் போனான்? யோபு பொண்டாட்டியும் பத்தைப் பறிகொடுத்தவதான். அவ ஒரு வார்த்தை கசந்து பேசிட்டான்னு இன்னைக்கு வரைக்கும் பிரசங்கத்துல திட்டுதீங்க.” பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையிலும் கோபம்தான் இருந்தது. “நீயுந்தான். கடவுள் இல்லன்னு பேசுத நீயும், அந்த ஜெரால்டுப் பையனும் அவ்வளவு நேரம் கத்துனீங்களே. ஒருத்தராவது அந்தப் பொம்பளைகளைப் பத்திக் கேட்டீங்களா? என்னைக் கேட்டீங்களா?”

மேசை மேல் நின்ற எனக்குத் தலை குனிந்தது. நான் தினமும் போடுகிற பில்லில் மூன்றாவது கட்டம் ஒன்று உண்டு, யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று. என் கதையில் அந்தக் கட்டத்தைப் பற்றி ஒரு நாள்கூட நான் யோசித்ததில்லை.

“டிக்சன் அண்ணாச்சி, மூணு தரம் சொல்லுங்க” என்றாள் அம்மா.

அண்ணாச்சி ஐயரைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். கூட்டத்தின் பின்னாலிருந்து செல்லத்தாய்தான் குரல் கொடுத்தாள். “சொல்லுமய்யா. அந்த அம்மா கேட்டது கேட்டதுதான? உம்ம சட்டந்தான?”

“பத்தாயிரம் ஒரு தரம்.” அவர் குரல் முதல் தடவையாகத் தாழ்ந்திருந்தது. “பத்தாயிரம் ரெண்டு தரம். பத்தாயிரம்... மூணு தரம்.”

அம்மா கை நீட்டினாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். கை முழுக்கக் கோழிக்கூட்டுக் கம்பி கீறின தழும்பு. “இனி இவ கர்த்தருக்கும் இல்ல, உங்களுக்கும் இல்ல” என்று அப்பாவிடம் சொன்னாள். “நான் எடுத்தேன். நான் விட்டுட்டேன். எங்க வேணும்னாலும் போவா, யாரை வேணும்னாலும் கட்டுவா, கட்டாமலும் இருப்பா. உங்களுக்கு நெஞ்சு வலிச்சா நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். அவ மேல போடாதீங்க.” பிறகு முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு பெண்கள் பக்கம் போய் நின்றாள். அடுத்த ஞாயிறும் அவள் கோயிலுக்குப் போவாள். அது எனக்கு விளங்கவே இல்லை, ஆனால் நான் கேட்கவும் இல்லை.

டிக்சன் அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்தார். விட்ட இடத்திலிருந்து ஏலம் நடந்துதானே ஆக வேண்டும்?

“சார்வாள் சேவல். முன்னூறு. முன்னூறு கேட்டாச்சு. சார்வாள்?”

அப்பா கையைத் தூக்கவில்லை.

“நானூறு. சார்வாள், நானூறு...” அண்ணாச்சி இரண்டு தரத்துக்கும் மூன்று தரத்துக்கும் நடுவில் வேண்டுமென்றே வெகு நேரம் நின்றார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். சேவல் நானூறு ரூபாய்க்குச் செல்லத்தாய்க்குப் போனது. அவள் ரிப்பனை அவிழ்த்து எறிந்துவிட்டு, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தாள். அது கோயில் வாசல் தாண்டுகிற வரைக்கும் கத்திக்கொண்டே போனது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டு ஒற்றையாக வேப்பமரத்தடியில் நின்றார்.

எனக்கு இரக்கம் வரவில்லை. இதை எழுதுகிற இன்றுவரைக்கும் வரவில்லை.